பழைய வெளியிணைப்பு எஞ்சின்: வாங்கும் நாளில் இருந்து வாடைக் காலம் வரை முழு வழிகாட்டி

படகின் பின்னால் பூட்டுகிற பழைய வெளியிணைப்பு எஞ்சின் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை வருசம் ஓடினது?" என்றுதான். நான் கேட்பது "கடைசியா எப்ப கடலுக்குப் போனது?" என்று. கிழமைக்கு ஐந்து நாள் ஓடி, கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவப்பட்ட 15 வருட எஞ்சினைப் பயமில்லாமல் வாங்குவேன். மூன்று வருடம் மட்டும் ஓடி, பிறகு இரண்டு வருடம் கொட்டிலில் உப்போடு கிடந்ததைப் பாதி விலைக்குத் தந்தாலும் யோசிப்பேன். ஓட்டத்தால் தேய்வது பிஸ்டன் வளையம், தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லர், ஒயில் சீல் போன்றவை. எல்லாம் கடையில் வாங்கி மாற்றலாம். உப்பு தின்பது எஞ்சினின் அலுமினிய உடம்பை. போல்ட் அதற்குள்ளேயே இறுகிவிடும், தண்ணீர் ஓடும் வழி அடைபடும், கழற்றப் போனால் போல்டின் தலை முறியும். அதன் பிறகு நீங்கள் எஞ்சினுக்குச் செலவழிக்கவில்லை, லேத் கடைக்குச் செலவழிக்கிறீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் இலங்கையில் எங்கள் வடக்குக் கரையில் 18 முதல் 23 அடி வரையான பைபர் படகுகளில் பூட்டி ஓடுகிற டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களைப் பற்றியது. 8 குதிரைவலுவில் இருந்து 40 வரை, பெரும்பாலும் யமஹா, சுசுகி. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த எஞ்சின்கள் கைமாறிக் கைமாறி இன்னும் ஓடுகின்றன. 2022இல் எண்ணெய் (எரிபொருளைத்தான் எண்ணெய் என்கிறேன்) கிடைக்காமல் மாதக்கணக்காகக் கரையில் கிடந்தவையும் விற்பனைக்கு வருகின்றன. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது தொழிலை விட்டவர்களின் எஞ்சின் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

என் முதல் பழைய எஞ்சினை நான் பார்த்து வாங்கியது பெயின்றை. 25 குதிரைவலு, மூடி பளபளவென்று இருந்தது, ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. காசைக் கொடுத்துவிட்டு வந்து மூன்றாம் நாள், கரை மெல்லிய கோடாகத் தெரிகிற தூரத்தில், கியர் போடப் போட எஞ்சின் இரைந்ததே தவிர படகு நகரவில்லை. கியர் பெட்டிக்குள் கடல் தண்ணீர். பல்லெல்லாம் துருப்பிடித்துக் கடித்துப் போயிருந்தது. சவள் (துடுப்பு) வலித்து வந்து சேர்ந்தபோது கைத்தோல் உரிந்திருந்தது. அதைத் திருத்திய வயதான மெக்கானிக் ஐயா சொன்னார்: "தம்பி, நீ வாறதுக்கு முதலே சூடாக்கி வைச்ச எஞ்சின் எண்டால் அதில ஒரு விசயம் இருக்கும். போன உடன தொட்டுப் பார்த்திருக்க வேணும்." அவரிடம் கற்றதும் பிறகு நானாகப் பட்டறிந்ததும்தான் கீழே இருப்பவை.

1. உங்கள் படகுக்கு எது வேண்டும்

எஞ்சின் பார்க்கப் போகுமுன் அளவு நாடாவை எடுத்துப் படகின் பின்பலகையை அளவுங்கள். எஞ்சின் கொழுவும் மேல்விளிம்பில் இருந்து படகின் அடிவரை எத்தனை அங்குலம் என்பதுதான் கணக்கு. 15 அங்குலம் என்றால் கட்டைக்கால் எஞ்சின், 20 என்றால் நீளக்கால். பூட்டிய பிறகு புறொப்பெல்லருக்கு மேலே படுக்கையாக இருக்கும் தகடு, படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ அதிலிருந்து ஓர் அங்குலம் வரை கீழேயோ இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் அலையில் புறொப்பெல்லர் காற்றைக் குடித்து எஞ்சின் கத்தும். அதிகம் கீழே போனால் இழுவை கூடி எண்ணெய் தின்னும். மலிவாக வருகிறது என்று கட்டைக்கால் வாங்கிப் பின்பலகையை வெட்டியவர்களைக் கண்டிருக்கிறேன். அந்தப் பலகைதான் முழு எஞ்சினையும் தாங்குகிறது. அதில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது எண்ணெய். யமஹா எஞ்சினில் மொடல் எழுத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடும். E40 என்று தொடங்கினால் எண்டுரோ வகை, 40 குதிரைவலு. EK என்று தொடங்கினால் மண்ணெண்ணெயில் ஓடவென்றே செய்தது. பின்னால் வரும் M கையால் இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது, H கைபிடியால் திருப்புவது, கடைசி எழுத்து S கட்டைக்கால், L நீளக்கால். மண்ணெண்ணெய் எஞ்சினில் கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் அமுக்கும் அழுத்தம்) குறைவாக வைத்திருப்பார்கள், ஏனென்றால் மண்ணெண்ணெய் அழுத்தம் கூடினால் நேரத்துக்கு முன்னரே பற்றி பிஸ்டனை அடிக்கும். பெற்றோல் எஞ்சினை ஒரு மாற்றமும் செய்யாமல் மண்ணெண்ணெயில் ஓட்டியிருந்தால் அந்த அடியை எல்லாம் அதன் பிஸ்டன் வாங்கியிருக்கும். விற்கிறவரிடம் இதை நேராகவே கேளுங்கள்.

2. எண்ணும் கடதாசியும்

எஞ்சின் எண் தகடு, பின்பலகையில் கொழுவும் பிடியின் பக்கத்தில் இருக்கும். தகடு இல்லை, சுரண்டியிருக்கிறது, ரிவிற் புதிதாக இருக்கிறது என்றால் அன்றைக்கே திரும்பி வந்துவிடுங்கள். களவு எஞ்சின் வாங்கினால் காசும் போகும், பொலிசுக்கும் அலைய வேண்டும், இன்னொரு தொழிலாளியின் வயிற்றிலும் அடித்தவர்கள் ஆவீர்கள். எண், மொடல், விலை, திகதி, இரு பக்கக் கையொப்பம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் போட்டு ஒரு கடதாசி எழுதுங்கள். உங்கள் சங்கத்தில் ஒருவரைச் சாட்சிக்கு வையுங்கள். படகில் எஞ்சின் மாறியதைக் கடற்றொழில் பரிசோதகரிடமும் தெரிவித்துவிடுங்கள்.

3. குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் மூடியைக் கழற்றி சிலிண்டர் தலையில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஆறும்வரை இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் பாருங்கள். குளிரில் ஸ்டார்ட் ஆகாத நோய்களை எல்லாம் சூடு மறைத்துவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை பல. மூடிக்குப் புதுப் பெயின்ற் அடித்து, உள்ளே போல்ட் தலைகளில் வெள்ளை மா பூத்திருந்தால் பெயின்றை நம்பாதீர்கள். அந்த வெள்ளை மா அலுமினியம் அரிபடுவதின் அடையாளம். சிலிண்டர் தலையில் பெயின்ற் கருகிக் கொப்புளித்திருந்தால் அந்த எஞ்சின் ஒருமுறையாவது தண்ணீர் இல்லாமல் கொதித்திருக்கிறது. போல்டுகளின் மூலைகள் மழுங்கியிருந்தால் பொருத்தமில்லாத ஸ்பானரோடு யாரோ திறந்திருக்கிறார்கள். திறந்தது பிழை என்று சொல்லமாட்டேன், ஏன் திறந்தார்கள் என்று கேளுங்கள். பின்பலகைப் பிடியின் இரண்டு திருகும் கையால் சுற்றுப்படுகிறதா, எஞ்சின் இடம் வலம் இலகுவாகத் திரும்புகிறதா, மேலே தூக்கிப் பூட்டினால் நிற்கிறதா என்று பாருங்கள். கிறீஸ் காணாத எஞ்சின் இங்கேயே பிடிபட்டுவிடும்.

துத்தநாகக் கட்டியையும் பாருங்கள். புறொப்பெல்லருக்கு மேலேயும் பிடியின் அடியிலும் சாம்பல் நிறத்தில் சிறிய கட்டி இருக்கும். உப்புத் தண்ணீர் முதலில் அதைத் தின்னட்டும், எஞ்சினை விடட்டும் என்பதற்காக வைத்தது. அது பாதி தேய்ந்திருந்தால் நல்லது, தன் வேலையைச் செய்திருக்கிறது. முழுதாகக் கரைந்து போல்ட் மட்டும் நின்றால் பிறகு எஞ்சினே கரைந்திருக்கிறது. அதன்மேல் பெயின்ற் அடித்திருந்தால் கட்டி இருந்தும் இல்லாத கணக்குத்தான்.

4. கியர் ஒயில்: நான் தவறவிட்ட சோதனை

இதற்கு ஐந்து நிமிடம்கூடத் தேவையில்லை. எஞ்சினின் காலில், அதாவது தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப் பகுதியில், மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. எஞ்சின் இரவு முழுக்க நிமிர்ந்து நின்றிருந்தால் மிகவும் நல்லது, தண்ணீர் அடியில் இறங்கியிருக்கும். கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி முதல் சில துளிகளைக் கையில் பிடியுங்கள். முதலில் தண்ணீர் சொட்டினால், அல்லது ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால், சீல் போய்விட்டது. சீல் மட்டும்தானா, உள்ளே பல்லும் பெயரிங்கும் துருப்பிடித்துவிட்டனவா என்பதைத் திறந்தால்தான் அறியலாம். ஒயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை வழமையான தேய்மானம். நகம்போலச் சிறு துண்டுகள் பட்டால் கியர் பல் உடைகிறது, வாங்க வேண்டாம்.

விற்கிறவர் திருகைத் திறக்க விடமாட்டார் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

பிறகு கியரை முன்னுக்குப் போட்டு புறொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள், பின்னுக்குப் போட்டும் சுற்றுங்கள். பிடித்துவிட்டு நழுவினால் கியரின் கவ்வி தேய்ந்திருக்கிறது. புறொப்பெல்லரை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், தண்டு ஆடக்கூடாது. இலை நெளிந்திருந்தால் தட்டி எடுக்கலாம், அதற்காக எஞ்சினை விட வேண்டாம்.

5. கொம்பிரஷன், பிளக்

கொம்பிரஷன் மீற்றர் பெரிய விலையில்லை, சங்கத்தில் நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை இழுத்துக் கழற்றிவிடுங்கள், பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு தொடுத்து வையுங்கள், இல்லையென்றால் மின்பொறிப் பெட்டி பழுதாகும். திறொட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) முழுக்கத் திறந்து நான்கைந்து தரம் பலமாக இழுங்கள். எத்தனை வருகிறது என்பது மொடலுக்கு மொடல் மாறும், மண்ணெண்ணெய் எஞ்சினில் குறைவாகவே வரும். நீங்கள் பார்க்க வேண்டியது சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை. ஒன்று 110 psi, மற்றது 105 என்றால் நல்லது. ஒன்று 110, மற்றது 80 என்றால் அந்தச் சிலிண்டருக்குள் ஏதோ இருக்கிறது. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேரம் பேச இடமுண்டு. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப இழுங்கள். ஏறினால் பெரும்பாலும் பிஸ்டன் வளையம். ஏறாவிட்டால் தலைக் கஸ்கற்றாக இருக்கலாம், பிஸ்டனிலேயே ஓட்டையும் இருக்கலாம்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் பலகையில் அடுக்கிப் பாருங்கள். நுனி மண்ணிறமாக இருந்தால் எரிவு சரி. கறுத்து ஈரமாக இருந்தால் ஒயிலோ எண்ணெயோ கூடிவிட்டது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. எல்லாம் கறுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவியது போலச் சுத்தமாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது. அதற்குத் தலையைத் திறந்தே ஆக வேண்டும், அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

6. பரலில் ஒரு தரம், கடலில் ஒரு தரம்

எஞ்சினைத் தண்ணீர்ப் பரலில் (பீப்பாயில்) இறக்கி ஸ்டார்ட் பண்ணுங்கள். தண்ணீர் இல்லாமல் "ஒருக்காச் சத்தம் கேட்டுப் பார்ப்பம்" என்று இழுக்க யாரையும் விடாதீர்கள். இம்பெல்லர் றப்பர், தண்ணீர்தான் அதற்கு வழுக்கல். வறண்டு சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். ஸ்டார்ட் ஆன சில கணங்களில் பக்கத்துத் துளையால் தண்ணீர் பீச்ச வேண்டும். வெதுவெதுப்பாக, நிற்காமல் வர வேண்டும்.

பரலில் ஓடியதை வைத்துக் காசு கொடுக்காதீர்கள். பரலில் எந்த எஞ்சினும் ஓடும். படகில் பூட்டி, இரண்டு பேர் ஏறி, அரை மணித்தியாலம் முழு வேகத்தில் ஓட்டுங்கள். சூடேறியதும் மின்பொறியை நிறுத்திவிடுகிற கொயில் (மின்சுருள்) இந்த அரை மணிக்குள் பிடிபடும். முழு வேகத்தில் ஐந்து நிமிடம் போய்ச் சோர்ந்தால் எண்ணெய்ப் பம்பின் தோல் பழுது, அல்லது காபரேற்றர் அடைப்பு. கடைசியாக நிறுத்திவிட்டுச் சூட்டோடு திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்கள். வலை இழுத்து முடித்த பிறகு ஸ்டார்ட் ஆகாத எஞ்சினை வைத்துத் தொழில் செய்ய முடியாது.

7. விலை பேசும்போது

எந்தப் பழைய எஞ்சினுக்கும் முதல் கிழமையில் இம்பெல்லர், கியர் ஒயில், பிளக், எண்ணெய்க் குழாய், துத்தநாகக் கட்டி மாற்ற வேண்டி வரும். இவற்றின் இன்றைய விலையைக் கடையில் விசாரித்துக் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் தொகை இருந்தால் பேச்சு சுருங்கும். மற்றது, உங்கள் ஊரில் சாமான் கிடைக்கிற எஞ்சினையே வாங்குங்கள். பத்துப் பேர் வைத்திருக்கும் மொடலுக்குப் பதினோராவது ஆளாகச் சேர்வதில் பெரிய நன்மை உண்டு: உங்களுடையது உடைந்த நாளில் பக்கத்து மீன்வாடியில் சாமான் இருக்கும்.

8. வாங்கிய முதல் கிழமை

விற்றவர் "போன மாதம்தான் மாத்தினது" என்று சொன்னாலும் இம்பெல்லரை மாற்றுங்கள். கால் பகுதியைக் கழற்றி, பம்பின் கிண்ணத்தைத் திறந்து, பழைய இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஓர் இதழ் குறைந்தால் அது மேலே தண்ணீர் வழியில் எங்கோ சிக்கியிருக்கிறது. தேடி எடுக்காமல் பூட்டினால் புது இம்பெல்லரும் உதவாது. கிண்ணத்தின் உட்புறம் மணலால் கீறுப்பட்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். களப்பில் ஓடிய எஞ்சின்களில் இது மிக அதிகம்.

அதே நாளில் கழற்றக்கூடிய போல்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, புரியைத் துப்புரவாக்கி, தண்ணீர் கழுவாத கிறீஸ் பூசித் திரும்பப் பூட்டுங்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் இந்த ஒரு நாள் வேலை எஞ்சினுக்குப் பல வருடங்களைக் கூட்டும். இறுகிய போல்டை முழுப் பலத்தோடு திருகாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். அலுமினியப் பக்கத்தைச் சூடாக்கி, கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, திரும்பத் தளர்த்தி எடுங்கள். சூடாக்குவதற்கு முன் எண்ணெய்த் துளியெல்லாம் துடைத்து, எண்ணெய்க் கானைத் தூரத்தில் வைக்க வேண்டும்.

கியர் ஒயில் மாற்றும்போது மேலும் கீழும் இரண்டு திருகையும் திறந்து முழுக்க வடியவிட்டு, 90 இலக்கக் கியர் ஒயிலைக் கீழ்த் துளையால் ஏற்றுங்கள். மேல்த் துளையால் குமிழி இல்லாமல் வழிந்த பிறகு முதலில் மேல்த் திருகைப் பூட்டி, பிறகு கீழ்த் திருகைப் பூட்டுங்கள். மேலால் ஊற்றினால் காற்று அடைபட்டுப் பாதிதான் நிரம்பும். திருகுகளின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். அந்தச் சின்ன வாஷரைப் பழையதாகவே விட்டதால் அழிந்த கியர் பெட்டிகள் உண்டு.

9. எண்ணெய்க் கலவை

பெரும்பாலான எஞ்சின்களுக்கு 50க்கு 1, அதாவது 50 பங்கு எரிபொருளுக்கு 1 பங்கு ஒயில். ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 20 லீற்றர் கானுக்கு 400. சில பழைய எஞ்சின்கள் இன்னும் அதிகம் கேட்கும். 25க்கு 1 என்றால் அதே கானுக்கு 800. உங்கள் மொடலின் புத்தகம் சொல்வதை மூடியின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதி வையுங்கள். பிஸ்டனோ வளையமோ புதிதாகப் போட்டால் முதல் பத்து மணித்தியாலம் 25க்கு 1 கலந்து, முழு வேகம் கொடுக்காமல் ஓட்டுங்கள். கண்மதிப்பில் ஊற்றாதீர்கள், அளவுக் குவளை வைத்திருங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அந்தக் கலவையில் இருப்பதைத் தவிர வேறு ஒயில் கிடையாது. குறைந்தால் பிஸ்டன் சிக்கும். மோட்டார் சைக்கிள் ஒயில் வேண்டாம், தண்ணீரால் குளிரும் வெளியிணைப்பு எஞ்சினுக்கென்று TC-W3 அடையாளம் போட்டு வருவதையே வாங்குங்கள்.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கரைக்கு வரும்போது கடைசி ஐந்து நிமிடம் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்றால் அடுத்த விடியற்காலை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடும். பெற்றோல் விலையைப் பார்த்து இதைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் பிளக் செலவையும் இழுகயிற்றுச் செலவையும் எண்ணிப் பார்த்தால் மிச்சம் எதுவும் இல்லை. மண்ணெண்ணெயில் மெதுவாக நீண்ட நேரம் ஓட்டுவதும் கூடாது. அது சரியாக எரியாமல் கரியாகிப் பிஸ்டன் வளையத்தை ஒட்டவைக்கும். கரி கூடினால் தலையைத் திறந்து மரச்சீவலால் சுரண்டி எடுங்கள். இரும்பால் சுரண்டினால் பிஸ்டனில் விழுகிற கீறலில் அடுத்த கரி இன்னும் இறுகப் பிடிக்கும். திரும்பப் பூட்டும்போது புதுக் கஸ்கற், போல்டை நடுவில் இருந்து வெளிப்பக்கமாக, இரண்டு தரமாக இறுக்குங்கள்.

10. ஒவ்வொரு நாளும்: தண்ணீர்

கரைக்கு வந்தால் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓட்டுங்கள். புறொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, பரலில் பம்ப் மூழ்கும் அளவு தண்ணீர் வைத்து, கியர் போடாமல் மெதுவாக.

எந்தத் தண்ணீர் என்பதில்தான் எங்கள் ஊர்ச் சிக்கல். கரையோரக் கிணறு பல உவர். உவர்க் கிணற்றில் கழுவினால் பாதி உப்பைத் திரும்ப ஊற்றுகிறீர்கள். உள்ளே தள்ளியிருக்கும் நல்ல கிணறு என்றாலும் யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் பிடிக்கும் அந்த வெள்ளைப் படைதான் எஞ்சினின் தண்ணீர் வழியிலும் பிடிக்கும். உப்பை விட அது எவ்வளவோ மேல், கழுவாமல் விடாதீர்கள். மாரியில் மழைத் தண்ணீரை இரண்டு பரலில் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒருதரம் தலைப்பக்கத் தண்ணீர் மூடியைத் திறந்து, படிந்ததை வினாகிரி கலந்த தண்ணீரால் இளக்கி, நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

வெளிப்பக்கத்தைக் கழுவும்போது மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் அடிக்காதீர்கள். உள்ளே ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மெல்லிய எண்ணெய் பூசினால் போதும்.

11. தங்கூசி

கடற்தொழிலாளியின் கியர் பெட்டியை அழிப்பது தங்கூசி, அதாவது வலையின் நைலோன் நூல். அறுந்த வலையின் ஒரு முழ நீளத் துண்டு புறொப்பெல்லரில் சுற்றினால், அது தண்டின் அடிக்குப் போய் ஒயில் சீலை வெட்டும். வெளியே ஒன்றும் தெரியாது. சில நாளில் ஒயில் வெளியேறி, கடல் உள்ளே வரும். எனக்கு விற்கப்பட்ட எஞ்சினில் நடந்ததும் இதுதான், கழற்றியபோது தண்டில் கறுத்த தங்கூசி வளையமாக இறுகியிருந்தது. மாதம் ஒரு தரம், வலைக்கு மேலால் ஓடிய நாளென்றால் அன்றைக்கே, புறொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். திரும்பப் பூட்டுமுன் தண்டின் பற்களில் கிறீஸ் பூசி, புது முள்ளாணி (புறொப்பெல்லர் நட்டைப் பூட்டும் ஊசி) போடுங்கள்.

12. நாட்காட்டி

எஞ்சின் புத்தகத்தில் கியர் ஒயிலுக்கு "100 மணித்தியாலம் அல்லது ஆறு மாதம்" என்று இருக்கும். பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவருக்குத்தான் அந்த ஆறு மாதம். ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம், மாதத்தில் 20 நாள் போனால் உங்களுக்கு 100 மணித்தியாலம் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். அதனால் மாதக் கணக்கை விட்டு மணிக் கணக்கை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த 100 மணித்தியாலம் ஆகும் மாதம் முடிய கியர் ஒயிலின் நிறம் பார்த்து மாற்றுவது, கிறீஸ் வாய்களுக்குக் கிறீஸ் அடிப்பது, எண்ணெய் வடிகட்டியைக் கழுவுவது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் இம்பெல்லரைத் திறந்து பார்ப்பது, காபரேற்றரைக் கழற்றிச் சிறு துளைகளைக் காற்றடித்துத் துப்புரவாக்குவது. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்துவிடும்.

13. கடலில் நின்றுவிட்டால்

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு புதுப் பிளக், பிளக் ஸ்பானர், மேலதிக இழுகயிறு, முள்ளாணி இரண்டு, குறடு, கத்தி, குழாய்க் கவ்வி. சவளும் மரக்கோலும் எஞ்சின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கட்டாயம்.

பீச்சுத் தண்ணீர் நின்றால் உடனே நிறுத்துங்கள். எஞ்சினைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் வாயில் சாதாளையோ (கடற்புல்) பொலித்தீன் பையோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் அதுதான். இல்லையென்றால் பீச்சும் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். கொதித்த தலைமேல் வாளியால் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விழலாம். தானாக ஆறட்டும்.

ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒழுங்காகப் போங்கள். முதலில் நிறுத்தும் கயிறு தன் இடத்தில் இருக்கிறதா. பிறகு எண்ணெய்க் கானின் காற்று வழி திறந்திருக்கிறதா, கைப்பம்ப் அமத்தினால் இறுகுகிறதா. பிறகு பிளக். பதட்டத்தில் இருபது தரம் இழுத்து எஞ்சினை எண்ணெயில் மூழ்கடித்தால், பிளக்கைக் கழற்றித் துடைத்து, திறொட்டிலை முழுக்கத் திறந்து, வெறுமனே சில தரம் இழுத்து உலர்த்திவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

14. எஞ்சின் கடலுக்குள் விழுந்தால்

படகு கவிழ்ந்தோ பிடி கழன்றோ எஞ்சின் விழுந்தால், எடுத்தவுடன் வெயிலில் காயவைக்கிற பழக்கம் பலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதை விட, காற்றுப் பட்ட பிறகுதான் துரு வேகமாக ஏறும். நல்ல தண்ணீரால் முழுக்கக் கழுவி, பிளக்கைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கப் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்றால், சுழற்றும்போது எங்காவது தடக்கினால் பலவந்தம் வேண்டாம், உள்ளே தண்டு வளைந்திருக்கலாம். தடக்காமல் சுற்றினால் காபரேற்றரை வடித்து, சிலிண்டருக்குள் ஒயில் விட்டு, புது எண்ணெயோடு ஸ்டார்ட் பண்ணி அரை மணித்தியாலமாவது ஓட்டுங்கள். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போக முடியாவிட்டால், எஞ்சின் பகுதியை நல்ல தண்ணீர்ப் பரலுக்குள் அமிழ்த்தியே வையுங்கள்.

15. வாடைக் காலத்தில்

வாடைக் காற்று இறங்கிப் படகு கரையேறும் மாதங்களில்தான் பல எஞ்சின்கள் சாகின்றன. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு நீண்ட நேரம் கழுவுங்கள். காபரேற்றரின் அடித் திருகைத் திறந்து எண்ணெயை வடியுங்கள். பிளக் துளைகளால் ஒவ்வொரு தேக்கரண்டி ஒயில் விட்டு இழுகயிற்றை மெதுவாக இரண்டு தரம் இழுங்கள். கியர் ஒயிலைப் பருவம் முடிந்தவுடனே மாற்றுங்கள், அடுத்த பருவத்துக்கு என்று தள்ளிவைத்தால் உள்ளே நின்ற தண்ணீர் மூன்று மாதமும் பல்லைத் தின்னும். எஞ்சினை நிமிர்த்தி மரச்சட்டத்தில் கொழுவுங்கள். படுக்கப் போட்டால் காலுக்குள் நிற்கும் உப்புத் தண்ணீர் சிலிண்டர் பக்கம் இறங்கும். காற்றோட்டம் இல்லாத பொலித்தீனால் இறுகக் கட்டாமல் சாக்கால் மூடுங்கள். கிழமைக்கு ஒருதரம், ஞாயிறு பூசை முடிந்தோ வெள்ளி கோயில் முடிந்தோ வந்து, இழுகயிற்றை ஒருமுறை மெதுவாக இழுத்துவிட்டுப் போங்கள். பிஸ்டன் ஒரே இடத்தில் நின்று ஒட்டாது.